பிரேக்கக்காவின் மாத்திரை

அவளுடைய சொந்தப் பெயர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் முதலாளிக்கே சட்டென்று நினைவுக்கு வராது. எல்லோருக்கும் அவள் பிரேக்கக்கா. கார் ஓட்டக் கற்றுத்தரும் வண்டியில், பக்கத்தில் உட்காரும் பயிற்சியாளரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். மற்றவர்கள் ஆபத்து வந்தால் அதை மிதிப்பார்கள். இவள் ஆபத்து வீட்டை விட்டுக் கிளம்பும்போதே மிதித்துவிடுவாள். தெருமுனையில் ஒரு நாய் எழுந்து சோம்பல் முறித்தால் போதும், வண்டி குலுங்கி நிற்கும்.

"அக்கா, அது எந்தப் பக்கம் போறதுன்னு இன்னும் முடிவே பண்ணலை."

"அது முடிவு பண்ணட்டும்னு நீ உக்காந்திரு. நான் உக்கார மாட்டேன்."

உட்கார மாட்டாள் என்பது உண்மைதான். பால் பொங்கும்வரை அடுப்படியில் நிற்கப் பொறுமை கிடையாது; தீயைக் கூட்டுவாள், குறைப்பாள், கடைசியில் பால் பொங்கி வழியும்போது வாசலில் நின்று யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். உலகத்தில் எதற்கும் பதறாத மனிதர். "பட்டனை ஒரு தடவை அமுக்கினாலும் ஒன்பது தடவை அமுக்கினாலும் லிஃப்ட் ஒரே வேகத்துலதான் வரும்" என்று கல்யாணமான புதிதிலிருந்து சொல்லிவருகிறார். அவள் இன்னும் ஒன்பது தடவைதான் அமுக்குகிறாள்.

ஐம்பதை நெருங்கும் வயதில் அவளுக்கு விரல்கள் வீங்க ஆரம்பித்தன. காலையில் எழுந்தால் மடக்க முடியாது. மடக்கினால் நிமிர்த்த முடியாது. வெந்நீரில் கையை முக்கிக்கொண்டு நின்றால்தான் பல் துலக்கவே பிரஷ்ஷைப் பிடிக்க வரும். முதலில் ஸ்டியரிங் பிடித்த வலி என்றாள். பிறகு குளிர் என்றாள். கார்ச் சாவியைத் திருக முடியாமல் போனபோது, கற்றுக்கொள்ள வந்தவர்களையே ஸ்டார்ட் பண்ணச் சொன்னாள். "முதல் நாள்லேருந்தே பழகணும்" என்று அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தாள். ஒரு நாள் ரவிக்கைப் பொத்தானைப் போடமுடியாமல் அவள் நின்றதைப் பார்த்த கணவர், வந்து போட்டுவிட்டு, வேலைக்கு லீவு சொல்லி அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

மூட்டு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா அவளுடைய மணிக்கட்டை அமுக்கிப் பார்த்தாள். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, முடக்குவாதம் என்றாள்.

"வயசாகித் தேயற மூட்டு வலி இல்லைம்மா இது. உங்க உடம்புக்குக் காவல் நிக்கிறவனே உங்க மூட்டைத் திருடன்னு நினைச்சு அடிச்சுக்கிட்டிருக்கான்."

"அவனுக்குக் கண் தெரியாதா?"

"தெரியலை. அடியைக் குறைக்கத்தான் மருந்து."

வாரத்துக்கு ஒரு முறை சாப்பிடும் மாத்திரை தந்தார்கள். கேட்டது, ஆனால் பாதிக் கிணறு தாண்டின கதையாக நின்றுவிட்டது. அப்போதுதான் டாக்டரம்மா ஒரு பரிசோதனையைப் பற்றிச் சொன்னாள். ரத்தத்தில் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை வீக்கத்தையும் சற்றுத் தணிக்கும்போலிருக்கிறது. முடக்குவாதக்காரர்களுக்கு இருதயக் கோளாறு வரும் வாய்ப்பும் அதிகம். ஆகவே வழக்கமான மருந்தோடு இதையும் சேர்த்துக் கொடுத்தால் மூட்டுக்கு நல்லது நடக்கிறதா என்று பார்க்கப் போகிறார்கள்.

"பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை. மீதிப் பேருக்கு அச்சு அசலா அதே மாதிரி இருக்கற வெத்து மாத்திரை. உங்களுக்கு எது வருதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"பின்ன யாருக்குத்தான் தெரியும்?"

"கம்ப்யூட்டருக்கு. ஏதாவது அவசரம்னா மட்டும்தான் திறந்து பாக்கலாம்."

"அப்போ அது ஒண்ணைத் தவிர நாம எல்லாரும் கண்ணைக் கட்டிக்கிட்டுப் போறோம்."

"ஆமா. தெரிஞ்சுட்டா மனசு உள்ளே புகுந்து குழப்பிடும். குறைஞ்சது மாத்திரையாலயா ஆசையாலயான்னு சொல்ல முடியாது."

சும்மா இருப்பதைவிட ஏதோ ஒன்று செய்வது மேல் என்று அவள் சம்மதித்தாள். இரண்டு விஷயங்களை மட்டும் டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சொன்னாள். வெளியே போய்க் கொழுப்பு அளவு பார்க்கக்கூடாது. பார்த்தால் எந்த மாத்திரை என்று வெளிச்சமாகிவிடும். இதே வகை மாத்திரையை வேறெங்கும் வாங்கிச் சாப்பிடக்கூடாது.

வீட்டுக்கு வந்ததும் கணவர் சிரித்தார். இரண்டு வருஷத்துக்கு முன் நெஞ்சு வலி வந்ததிலிருந்து அவரும் அந்த வகை மாத்திரைதான் சாப்பிடுகிறார். "நான் தினம் முழுங்கறதா? நம்ம அலமாரியிலயே இருந்த மருந்துக்கா இத்தனை ஆஸ்பத்திரி அலைஞ்சே?"

முதல் மாத்திரையை விழுங்குவதற்குள் அவள் படுத்திய பாடு கொஞ்சமில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள். நாக்கு நுனியில் வைத்து, கணவருடையதையும் வைத்து, எது கசப்பு என்று பார்த்தாள். இரண்டும் சுண்ணாம்பைப்போல இருந்தன.

மாதா மாதம் ஆஸ்பத்திரிக்குப் போவாள். அங்கே ஒரு நர்ஸ், விரல்களில் தொடங்கித் தோள், முழங்கால் வரை ஒவ்வொரு மூட்டாக அமுக்கி, வலிக்கிறதா வீக்கமா என்று குறித்துக்கொள்வாள். மென்மையான கை, கல்லுப்போன்ற முகம். பிரேக்கக்கா அந்த முகத்தைப் படிக்கப் பார்த்தாள்.

"தங்கச்சி, நிஜத்தைச் சொல்லு. எனக்கு வர்றது மருந்தா, மாவா?"

"எனக்கே தெரியாதுக்கா."

"உன் கண்ணு சொல்லுதே."

"என் கண்ணு ராத்திரி தூங்கலைன்னு சொல்லுதுக்கா. குழந்தைக்குப் பல் முளைக்குது."

முதல் மாதம் முடிவதற்குள் விரல்கள் லேசாயின. பிரேக்கக்கா பயிற்சிப் பள்ளி முழுக்கத் தம்பட்டம் அடித்தாள். ஊறுகாய்ப் பாட்டில் மூடியைத் தானே திறந்து, திறந்த பாட்டிலைக் கணவர் முன்னால் வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "நிஜ மாத்திரைதான். சந்தேகமே இல்லை." இரண்டாம் மாதத்தில் ஒரு காலை மறுபடியும் விரல்கள் கட்டையாய்க் கிடந்தன. அடுத்த நாளும் அப்படியே. சந்தேகமே இல்லாமல் இருந்தவளுக்குச் சந்தேகத்தைத் தவிர வேறெதுவும் இல்லாமல் போயிற்று.

அந்த வாரத்தில்தான் அது நடந்தது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் புதிதாகக் கற்றுக்கொள்ள வந்திருந்தார். எதையும் நிதானமாகச் செய்பவர். வளைவு ஒன்றில் எதிரே வந்த லாரியைக் கண்டு மிரண்டு, ஸ்டியரிங்கை ஒரேயடியாக ஓரத்துக்கு ஒடித்துவிட்டார். அவளுடைய கால் தன் வேலையைச் செய்தது. கையும் பாய்ந்தது, ஸ்டியரிங்கைத் தொட்டது, பிடிக்கத்தான் இல்லை. விரல்கள் வளையத்தின்மேல் வழுக்கிக்கொண்டு போயின. வண்டி நடைபாதையில் ஏறி, முடிதிருத்தும் கடையின் பெயர்ப்பலகையைச் சாய்த்துவிட்டு நின்றது. யாருக்கும் அடி இல்லை. கடைக்காரர் பாதி சோப்பு பூசிய வாடிக்கையாளரோடு வெளியே வந்து பார்த்தார்.

"தப்பு என்னோடதுதான்மா" என்றார் வாத்தியார். அவருக்கு உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. அவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது வேறு யாருடையதோ என்பதுபோல.

முதலாளி திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பாள். "கொஞ்ச நாள் உள்ளே இருங்கக்கா. சாலை விதி வகுப்பு எடுங்க" என்று தன்மையாகச் சொல்லிவிட்டார்.

உள்ளே என்பது ஒரு அறை. சுவரில் சாலைக் குறியீடுகளின் படம், பத்து நாற்காலி, ஜன்னலுக்கு வெளியே வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும் சத்தம். அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. குச்சியால் படத்தைத் தொட்டுக் காட்டிக்கொண்டே ஜன்னல் பக்கம் போவாள். வெளியே யாராவது கியரைக் கரகரவென்று மாற்றினால் பல்லைக் கடிப்பாள். மேஜைக்கடியில் அவள் கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதிக்கும். "இதுக்கு என்னை அருங்காட்சியகத்துல கொண்டுபோய் வச்சுடலாம்" என்று வீட்டில் வந்து பொரிந்தாள்.

"ஆக்கப் பொறுத்தவ ஆறப் பொறுக்க மாட்டியா?" என்றார் கணவர். "இன்னும் மூணு மாசம்தானே பரிசோதனை."

"மூணு மாசம் மாவை முழுங்கச் சொல்றீங்களா?"

மாவுதான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். முதல் மாதம் குறைந்தது தன் ஆசையால், டாக்டரம்மாவே சொன்னாளே. அப்படியானால் நிஜ மருந்து அலமாரியின் மேல்தட்டில், கணவருடைய சவர செட்டுக்குப் பக்கத்தில், தினமும் அவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, அவர் தினசரியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கும்போது, அவள் ஒன்றை எடுத்து விழுங்கினாள். ஆஸ்பத்திரி மாத்திரையையும் விடவில்லை. அதை நிறுத்தினால், மிச்ச மாத்திரையை எண்ணும்போது நர்ஸ் கண்டுபிடித்துவிடுவாள். மறுநாளும் விழுங்கினாள். அட்டை சீக்கிரம் காலியாகத் தொடங்கியதும் மருந்துக் கடைக்குப் போய், "அவர் வெளியூர் போறார், கூட ஒரு மாசத்துக்குக் குடுங்க" என்றாள். பழகின கடை. கொடுத்துவிட்டார்கள்.

ஆச்சரியம் என்னவென்றால், கை தேறியது. பத்துப் பதினைந்து நாளில் விரல்கள் முஷ்டியாக மூடின. முதலாளியின் முன்னால் போய் அவருடைய கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினாள். அவர் "ஐயோ அக்கா" என்று கையை உதறிக்கொண்டு, வண்டிச் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். கணக்கு வாத்தியார் மறுபடியும் அவளிடமே கற்றுக்கொள்வேன் என்று பிடிவாதமாகக் காத்திருந்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. அன்று அவள் பாட்டுப் பாடிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். மனசின் ஒரு மூலையில் மட்டும் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. நர்ஸ் மூட்டுகளை அமுக்கி, "ரொம்ப நல்லா இருக்கேக்கா!" என்று முதன்முறையாகக் கல்லு முகம் மலரச் சொன்னபோது, அந்த உறுத்தல் தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள். விழுங்குவதுதான் பழகிவிட்டதே.

அதற்கடுத்த மாதம் தொடைகள் கனக்க ஆரம்பித்தன. வலி என்று சொல்ல முடியாது. ஈர மணல் மூட்டையைக் கட்டிவிட்டதுபோல ஒரு பாரம். கார் இருக்கையிலிருந்து எழுந்திருக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு ஊஞ்சலாட வேண்டியிருந்தது. மாடிப்படியில் பாதியில் நின்று, சுவரில் எதையோ படிப்பதுபோல நடித்தாள். பிரேக்கை மிதித்தால் கால் போனது, ஆனால் அரைக் கணம் தாமதமாகப் போனது. நாய் முடிவு செய்தபிறகு அவள் மிதித்தாள். வாத்தியார் அதைக் கவனித்துவிட்டு, "இப்பல்லாம் என்மேல உங்களுக்கு நம்பிக்கை வந்துடுச்சுபோல" என்று மகிழ்ந்துபோனார். அவள் குனிந்து, பிரேக்கின்மேல் இருந்த தன் காலைப் பார்த்தாள்.

வழக்கமான ரத்தப் பரிசோதனை முடிந்த மறுநாள், வண்டியில் இருக்கும்போதே நர்ஸ் போன் செய்தாள்.

"அக்கா, இன்னைக்கு மாத்திரை சாப்பிடாதீங்க. உடனே கிளம்பி வாங்க. வீட்டுலேருந்து யாரையாவது கூட்டிக்கிட்டு வாங்க."

"என்ன ஆச்சு?"

"வாங்கக்கா."

அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டதுபோல இருந்தது. வாத்தியாரையே ஓட்டச் சொல்லிப் பள்ளிக்கு வந்தாள். கணவர் எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு வந்து சேர்ந்தார். இருவரும் பஸ்ஸில் போனார்கள். வழியெல்லாம் அவர்தான் வழக்கத்துக்கு மாறாக, ஏதோ ஒரு கட்டடத்தில் நடுவில் நின்றுபோன லிஃப்ட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "உங்க தசை சிதையுதும்மா. சிதையற தசையிலேருந்து கசியற பொருளோட அளவு ரத்தத்துல எக்கச்சக்கமா ஏறியிருக்கு. இன்னும் விட்டா சிறுநீரகத்தைப் பாதிக்கும். பரிசோதனை மாத்திரை மட்டும் சாப்பிட்டா இந்த அளவுக்குப் போறது அபூர்வம். வேற ஏதாவது சாப்பிடறீங்களா?"

நர்ஸ் சுவரோரம் நின்றிருந்தாள். பிரேக்கக்கா தன் கைகளைப் பார்த்தாள். விரல்கள் அழகாக, வீக்கம் இல்லாமல் இருந்தன.

"இவரோட மாத்திரையை" என்றாள். "ரெண்டு மாசமா."

கணவர் தலை குனிந்தார். "எனக்குத் தெரியும்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"போன மாசம் மருந்துக் கடைக்குப் போனேன். எப்ப வெளியூர்லேருந்து வந்தீங்கன்னு கேட்டாங்க. புரிஞ்சுக்கிட்டேன். கேக்கணும்னுதான் வந்தேன். நீ சமையல்கட்டுல பாட்டுப் பாடிக்கிட்டு பாட்டில் மூடியைத் திறந்துக்கிட்டு இருந்தே. வாய் வரலை."

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தது. மறைக்கவும் இல்லை. "நீங்க என்னை ஏமாத்தினதைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்லை. உங்க கை நல்லாயிடுச்சுன்னு நாங்க எழுதி வச்சிருக்கோம். அதை நம்பி நாளைக்கு இன்னொருத்தருக்கு இந்த மருந்தைக் கொடுப்போம். அதையாவது யோசிச்சீங்களா?"

யோசிக்கவில்லை. அவள் இதுவரை அந்தப் பரிசோதனையில் தன்னைத் தவிர வேறு யாரும் இருப்பதாகவே நினைத்ததில்லை. கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறாள். ஊன்றுகோல் வைத்திருப்பவர், கைக்கு உறை போட்ட பெண். எல்லோரும் தனக்கு முன்னால் நின்று வரிசையைத் தாமதப்படுத்துகிறவர்களாகத்தான் தெரிந்தார்கள். இப்போது முகம் சூடாகியது. "மன்னிச்சுக்குங்க" என்பதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. முதல் முறை சத்தம் வரவில்லை.

அவசரம் என்பதால் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தார்கள். அவளுக்கு வந்துகொண்டிருந்தது நிஜ மாத்திரை.

முதல் நாளிலிருந்தே. விரல் லேசான மாதமும் நிஜம், கட்டையாய்க் கிடந்த மாதமும் நிஜம், முடிதிருத்தும் கடையின் பலகை விழுந்த நாளும் நிஜம். அதன்மேல் இன்னொரு பங்கை அவளாகப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"அப்போ ரெண்டு பங்கு சாப்பிட்டதாலதான் கை நல்லாச்சா?" என்று அந்த நிலைமையிலும் கேட்டாள்.

"இருக்கலாம். தானாவே தணிஞ்சிருக்கலாம், இந்த நோய் ஏறும் இறங்கும். உங்க நம்பிக்கையா இருக்கலாம். எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சுக்கத்தான் இவ்வளவு பாடு."

சில நாள் ஆஸ்பத்திரியில் வைத்து, குழாய் வழியாகத் திரவம் ஏற்றி, தினமும் ரத்தம் எடுத்தார்கள். சிறுநீரகம் தப்பியது. அவளால் கட்டிலில் எழுந்து உட்காரவே கைகொடுக்க ஆள் வேண்டியிருந்தது. "தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்பாங்க" என்றாள் கணவரிடம். "எனக்கு ரெண்டுமே ஆட மாட்டேங்குது." அவர் சிரித்தார். பிறகு தன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் அன்னைக்கே கேட்டிருக்கணும்" என்றார். "கேட்டிருந்தா இல்லைன்னு சண்டை போட்டிருப்பேன்" என்றாள் அவள். அது உண்மையும்கூட. அவர்களுக்குள் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் கணவருடைய மாத்திரை மேல்தட்டிலிருந்து அவருடைய வேலைப் பைக்குள் போய்விட்டது.

பரிசோதனையிலிருந்து விரட்டிவிடுவார்கள் என்று நினைத்தாள். ஆனால் நர்ஸ் போன் செய்து, அடுத்த மாதம் வரவேண்டிய தேதியைச் சொன்னாள்.

"என்னை எதுக்கு இன்னும்? நான்தான் கெடுத்துட்டேனே."

"மாத்திரை கிடையாதுக்கா. ஆனா மூட்டு பாக்கணும். பாதியில போறவங்களையெல்லாம் விட்டுட்டா கணக்கு நிஜமா இருக்காதாம். நடந்ததையும் சேத்தே எழுதியிருக்கோம்."

அவள் போனாள். தசை தேறத் தேற விரல்கள் மறுபடியும் வீங்கின. நர்ஸ் அமுக்கிய இடத்திலெல்லாம் வலித்தது. முன்பெல்லாம் நல்ல செய்தி சொல்ல வேண்டும் என்று வலியைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லும் பழக்கம் அவளுக்கு உண்டு. இப்போது உள்ளதை உள்ளபடி சொன்னாள். அது எவ்வளவு சிரமமான வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நர்ஸ் இரண்டு மாதம் அவளோடு சிரிக்காமலே வேலை பார்த்தாள். மூன்றாம் மாதம், குழந்தைக்கு நாலு பல் வந்துவிட்டதாகச் சொன்னாள்.

அடுத்த வருஷம் ஆஸ்பத்திரியின் பெரிய அறையில், கலந்துகொண்ட எல்லோரையும் கூப்பிட்டு முடிவைச் சொன்னார்கள். பிரேக்கக்காவின் பக்கத்தில் பேக்கரியில் மாவு பிசையும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இந்த மாத்திரையால்தான் தன் மணிக்கட்டு பிழைத்தது என்று காண்பவர்களிடமெல்லாம் சொல்லிவந்தாராம். அன்று காலை ஆளுக்கு ஆள் எது வந்தது என்று சொன்னபோது, அவருக்கு வந்தது வெற்று மாத்திரை. "நாள் பூரா மாவோட இருக்கறவனுக்கு மாவையே குடுத்திருக்காங்கம்மா" என்றார். பிரேக்கக்கா அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். ஆனால் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே இருந்தார், இனி அது என்ன செய்யுமோ என்பதுபோல.

டாக்டரம்மா மேடையேறி எளிமையாகப் பேசினாள். தங்கள் பரிசோதனையில், நிஜ மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வீக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. மூட்டு மருந்துக்குப் பதிலாகக் கொடுக்கும் அளவுக்கு இல்லை. இன்னும் பெரிய பரிசோதனை வேண்டும்.

பிரேக்கக்கா எழுந்துவிட்டாள். "கொஞ்சம்னா எவ்வளவு?"

"கொஞ்சம்னா கொஞ்சம்தாம்மா. ஊறுகாய் பாட்டில் திறக்கற அளவுக்கு இல்லை."

அறை சிரித்தது. அவள் உட்காரவில்லை. "அதுல என்னோடதும் இருக்கா? நான் பண்ணினதோட?"

"இருக்கு. உங்களோடதும் இருக்கு."

அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். கூட்டம் முடிந்ததும் டாக்டரம்மாவைப் படிக்கட்டில் மடக்கி, பெரிய பரிசோதனை எப்போது, தன்னைச் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டாள். சேர்த்துக்கொள்ள முடியாது என்று டாக்டரம்மா அங்கேயே சொல்லிவிட்டாள். ஒருமுறை தசை பாதித்தவர்களுக்கு அந்த மாத்திரை ஆகாது. பிரேக்கக்காவுக்கு இரண்டு நாள் மனசு ஆறவில்லை. யாரோ தன்னை வண்டியிலிருந்து இறக்கிவிட்டதுபோல வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தாள்.

இப்போது அவளுக்கு ஊசி மருந்து. வலது ஆள்காட்டி விரல் முழுதாக மடங்குவதில்லை, மற்றவை மடங்குகின்றன. ஸ்டியரிங்கை உள்ளங்கையால் அணைத்துத் திருப்ப ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். அது சரியான முறை இல்லை என்று தன் மாணவர்களுக்குத் தானே எச்சரிக்கிறாள். கணக்கு வாத்தியார் மூன்றாம் முறை ஓட்டுநர் தேர்வில் தேறி உரிமம் வாங்கிவிட்டார். தேறியபிறகும் வாரம் ஒரு நாள் பக்கத்தில் அவள் உட்கார வேண்டும் என்று வருகிறார். போன வியாழக்கிழமை காலை விரல்கள் மோசமாக இருந்தன. முதலாளிக்கு அவளே போன் செய்து, இன்றைக்கு வண்டியெடுக்கக் கை சரியில்லை, வகுப்பு எடுக்கிறேன் என்றாள். சொல்லிவிட்டு, அந்த அறையில் பாடம் முடியும்வரை ஜன்னலுக்கும் படத்துக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தாள். பத்து நாற்காலியில் இருந்தவர்களும் அவள் போகும் பக்கமெல்லாம் கழுத்தைத் திருப்பித் திருப்பி, வலியோடு வீட்டுக்குப் போனார்கள்.